பெயர் சொல்லி ஜெபிக்கிற சபை: சுங்கை சிப்புட் பயணக் குறிப்புகள்

அக்டோபர் 23, வியாழன்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் முப்பது கிலோமீட்டர்தான். பழைய சாலையில் மெதுவாகப் போனாலும் ஒரு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். இன்றைக்கு மதியம் ஏறிய நான் இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தேன். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் முக்கி முனகி, சாலையோரம் ஒதுங்கி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய்ப் பின்பக்க மூடியைத் திறந்தார். குப்பென்று ஆவி. வேறு பஸ் வரும் என்றார். வரவில்லை. மழைதான் வந்தது. பேராக்கில் இந்த மாதத்து மழை அப்படித்தான்: மூன்று மணிக்கு வானம் கறுக்கும், நான்கு மணிக்குச் சாலை தெரியாது.

பஸ்ஸுக்குள் ஏழெட்டுப் பேர். முன் இருக்கையில் இருந்த மலாய்க்கார மாக்சிக் (அம்மா வயதுக்காரர்) பிளாஸ்டிக் பையைத் திறந்து, வீட்டில் செய்த காரிபாப்பை ஆளுக்கு ஒன்றாக நீட்டினார். உள்ளே உருளைக்கிழங்கு, நல்ல காரம். வேண்டாம் என்று சொன்ன ஒரு பையனுக்கு இரண்டாகக் கொடுத்தார். பின்னால் இருந்த சீனப் பெரியவர் மகனுக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் ஒரு வேன் வந்தது. சுங்கை சிப்புட் போகிறவர்கள் எல்லாரும் ஏறுங்கள் என்று கையைக் காட்டினார். இறங்கும்போது பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டை நீட்டினேன். கையாலேயே தள்ளிவிட்டு, மழை வலுப்பதற்குள் வீட்டுக்குப் போ என்றார்.

நிலையத்தில் பாஸ்டர் மோட்டாரோடு நின்றிருந்தார், மழைக்கோட்டு எனக்கும் ஒன்று வைத்திருந்தார். பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்த, குடும்பத்தில் பிறந்தவர். ஜொகூரில் பல வருஷம் லோரி ஓட்டிவிட்டு, மனைவியோடு திரும்பி வந்து இங்கே சபை தொடங்கினார். எங்கள் கிள்ளான் சபையிலிருந்து மாதாமாதம் ஒரு சிறு தொகை அனுப்புகிறோம். பிரசங்கியாரை அனுப்பட்டுமா, பாடல் குழுவை அனுப்பட்டுமா என்று கேட்டபோதெல்லாம் அவர் கேட்டது வேறு. "யாராவது வந்து எங்ககூட நாலு நாள் உட்கார்ந்து ஜெபிச்சாப் போதும்."

சபை இருப்பது கடைவீட்டு மாடியில். கீழே மோட்டார் பட்டறை. படியேறும்போதே எண்ணெய் வாடை. மேலே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு, இரண்டு மின்விசிறி. பின்னால் ஒரு அறை, அதுதான் வீடு. பாஸ்டரம்மா சோறு போட்டார்: மரவள்ளிக்கிழங்குப் பிரட்டல், கருவாட்டுச் சம்பால், முருங்கைக்கீரை, ரசம். "கிள்ளான் சாப்பாடு மாதிரி இருக்காது தம்பி" என்றார். நான் மூன்று தடவை சோறு வாங்கினேன்.

சாப்பிடும்போதுதான் சுவரைக் கவனித்தேன். அட்டையில் கோடு போட்டு ஏழு நாளுக்கும் இருபத்துநாலு மணிக்கும் கட்டங்கள், மொத்தம் 168. அறுபதுக்கு மேற்பட்ட கட்டங்களில் பெயர்கள். மற்றவை காலி. ஞாயிற்றுக்கிழமை இங்கே கூடுகிறவர்கள் இருபது பேர்கூட இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் இத்தனை பெயர்கள் யாருடையவை?

"போனவங்க" என்றார் பாஸ்டர். சிங்கப்பூருக்கு, ஜொகூருக்கு, பினாங்குக்கு வேலைக்குப் போனவர்கள். "ஊரை விட்டுப் போறவங்களை நிறுத்த முடியாது. வேலை இங்கே இல்லை. அதனால போகும்போது ஒரு மணி நேரத்தைக் கையில கொடுத்து அனுப்புறோம்." புதன் இரவு இரண்டு மணிக் கட்டத்தில் இருப்பவர் லோரி டிரைவர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் எங்காவது வண்டியை நிறுத்திவிட்டு, இந்த ஊருக்காக ஜெபித்துவிட்டுத்தான் மறுபடியும் கிளம்புகிறாராம்.

இந்தக் கட்டங்களுக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது, அது தமிழ்நாட்டில் தொடங்குகிறது. 1706ல் சீகன்பால்கும் புளுட்சாவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் ஜெர்மனியில் ஹாலே என்ற ஊருக்குப் போய், அங்கே வாசிக்கப்பட்டன. அதே ஹாலேயில் படித்த சின்சென்டார்ப் என்ற பிரபு வீட்டுப் பையன் இந்தச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தான். பிற்பாடு அவருடைய நிலத்தில் அகதிகளாக வந்து குடியேறிய மொரேவியர்கள் என்ற கிறிஸ்தவர்கள் ஹெர்ன்ஹூட் என்ற கிராமத்தை அமைத்தார்கள். 1727 ஆகஸ்டில் அங்கே 24 ஆண்களும் 24 பெண்களும் மணி நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு இரவு பகலாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கிலி நூறு வருஷத்துக்கு மேல் நீடித்தது. ஐந்து வருஷத்துக்குள், 1732ல், முதல் மிஷனெரிகள் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்டார்கள். 1760ல் மொரேவியர்கள் தரங்கம்பாடிக்கே வந்தார்கள். பாஸ்டர் இதை ஒரு வேதாகம வகுப்பில் கேட்டதோடு விடவில்லை. கோல் எடுத்து அட்டையில் கோடு போட்டுவிட்டார்.

அக்டோபர் 24, வெள்ளி

காலை நாலரைக்கு எழுப்பினார்கள். மழை விட்டிருந்தது, தெருவெல்லாம் ஈரம். நடந்துகொண்டே ஜெபிப்பது என்று சொன்னால், சத்தம் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றுவது என்று சிலர் நினைக்கலாம். இங்கே அப்படி இல்லை. மூன்று பேரும் சாதாரணமாக நடந்தோம். வாய் அசைவதுகூட வெளியே தெரியாது. தாமானை, அந்தக் குடியிருப்புப் பகுதியைத் தாண்டி மலிவு விலை அடுக்குமாடி. கீழே சாலையோரத்தில் பெண்கள் தூக்குச் சட்டியோடு நிற்கிறார்கள். ஐந்தே காலுக்குத் தொழிற்சாலை பஸ் வரும். இவர்களுடைய அம்மாவும் பாட்டியும் இதே நேரத்துக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனார்கள், இவர்கள் பஸ் ஏறுகிறார்கள். அந்தப் பெண்களில் பாதிப்பேர் பாஸ்டரம்மாவுக்குத் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் கிட்டே வந்து, "அக்கா, நாளைக்கு ஸ்கேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாள்.

பாஸ்டரம்மா கைப்பையைத் திறந்து ஒரு 555 நோட்டை எடுத்தார். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவோமே, அதே குட்டி நோட்டு. தெருவிளக்கின் கீழே நின்று எழுதினார். அப்புறம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஓரம் சுருண்டு, மழையில் நனைந்து காய்ந்த பக்கங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், வீட்டு எண், ஒரு தேதி, ஒரு சொல். "மூட்டு வலி." "மகன் பேசுவதில்லை." "அடையாள அட்டை." "குடி." ஜெபத்துக்குப் பதில் கிடைத்த இடத்தில் சின்னதாக ஒரு சிலுவை. அப்படிச் சிலுவை போட்ட வரிகள் குறைவு. ஒரு நோட்டு நிறைந்ததும் மீதிப் பெயர்களை அடுத்த நோட்டுக்கு அவரே கையால் எழுதி மாற்றுகிறார். சில பெயர்கள் நாலாவது நோட்டுக்கு வந்துவிட்டன. "எழுதி மாத்தும்போதே ஒரு தடவை ஜெபிச்சிடுவேன்" என்றார்.

பசியாற ரொட்டி சானாய், அலசிக் காயப்போட்ட வெள்ளைத் துணி மாதிரி மெத்தென்று இருந்தது. ஒன்று ஒரு வெள்ளி எண்பது காசு. தே தாரிக் இரண்டு வெள்ளி. கிள்ளானில் இந்த விலைக்கு உட்காரக்கூட முடியாது.

பகலில் பாஸ்டர் ஊரைச் சுற்றிக் காட்டினார். சுங்கை சிப்புட் என்றாலே நம்மில் பலருக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டித்தான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. இன்னொன்று, மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவராக இருந்த துன் சம்பந்தன். 1919ல் இங்கே பிறந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போன காலத்தில், பாட்டாளிகளிடமே சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டம் வாங்க 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சபை நடத்துகிறவனுக்கு இந்தச் சரித்திரம் எதற்கு என்று கேட்கலாம். தோட்டம் கைமாறும்போது வேலை போகும். வேலையோடு லயத்து வீடும் (தோட்டத்து வரிசை வீடு) போகும். வீட்டோடு சபையும் போய்விடும். ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டபோதும் இதேதான் நடந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. பாஸ்டர் சிறுவயதில் போன தோட்டத்து ஜெபவீடு இப்போது இல்லை. இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது.

மூன்று மணிக்கு மழை. எங்கும் போக முடியாது. கோப்பி ஓ போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று எங்கள் கமிட்டியில் ஒருவர் கேட்டிருந்தார். அதைக் கேட்பதற்கே எனக்கு வாய் வரவில்லை. பாஸ்டரே பேச்சை எடுத்தார். நம் மலாக்காவைப் பற்றித்தான் பேசினார். ராபர்ட் மாரிசன் என்ற மிஷனெரி 1807ல் சீனாவுக்குப் போனார். முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1814ல். சீனாவில் வெளிப்படையாக ஊழியம் செய்ய முடியாததால் அவருடைய தோழர் வில்லியம் மில்ன் 1815ல் மலாக்காவுக்கு வந்தார். அவரோடு வந்த லியாங் ஃபா அச்சுக்கட்டை செதுக்குகிறவர். மில்னின் எழுத்துகளைச் செதுக்கிக்கொண்டிருந்த அந்த மனுஷன் 1816ல் மலாக்காவிலேயே ஞானஸ்நானம் பெற்று, பிற்பாடு தன் ஜனங்களுக்கே சுவிசேஷகரானார். மில்ன் 1822ல் முப்பத்தேழு வயதில் இறந்துவிட்டார், மனைவி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பர்மாவுக்கு 1813ல் போன ஜட்சனுக்கு முதல் விசுவாசி கிடைத்தது 1819ல். வங்காளத்துக்கு 1793ல் போன கேரி, கிருஷ்ண பாலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில்.

"அவங்க அறிக்கையை வருஷா வருஷம் வாசிச்சவங்களும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பாங்க" என்றார். குரலில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. காசு அனுப்புகிறோம் என்பதற்காக நாம் கேட்கிற கணக்கு எவ்வளவு அவசரமானது!

மாலையில் ஒரு வீட்டுக்குப் போனோம். தீபாவளிக் கோலம் இன்னும் அழியவில்லை, வாசலில் மாவிலை. சுவரில் முருகன் படம். அந்த அம்மா முறுக்கும் அதிரசமும் தட்டில் வைத்து, "நீங்க சாப்பிடுவீங்கதானே" என்று ஒரு கணம் தயங்கினார். பாஸ்டர் தட்டை வாங்கி முதலில் எனக்குக் கொடுத்தார். முறுக்கு நொறுங்குகிற பதம், ஓமம் தூக்கலாக. மகன் சம்சு குடித்து வேலையை விட்டுவிட்டான். அவனுக்காகத்தான் ஐந்து வருஷமாக இந்த வீட்டுக்கு வருகிறார்கள். ஜெபிக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் தலை குனிகிறார்கள், அந்த அம்மா கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். அவர் சபைக்கு வந்ததில்லை. வெளியே வந்ததும், வருவாரா என்று கேட்டேன். "வரணும்னு ஆசை. அதுக்காகத்தான் ஜெபிக்கிறேன். ஆனா அவங்க வரலைன்னாலும் அந்தப் பையன் குடியை விடணும், இல்லையா?" அரிசி மூட்டையோடு போய்ப் பெயர் எழுதிக்கொண்டு வருகிற ஊழியம் நம் மக்களிடையே எத்தனை கசப்பை விட்டுப்போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். உதவி வேறு, ஞானஸ்நானம் வேறு என்பதில் அவர் கறார்.

இன்னொன்றிலும் கறார்தான். முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு மாநிலங்களுக்கு இடம் தருகிறது, பேராக்கிலும் அதற்குச் சட்டம் இருக்கிறது. பொது இடத்தில் ஒரு கைப்பிரதிகூட வைக்கமாட்டார். அறிமுகமான வாசலுக்குத்தான் போவார்.

இரவு உபவாச ஜெபம், பன்னிரண்டு மணிவரை. ஒன்பது பேர். நோட்டிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, ஒருவர் மாற்றி ஒருவர் ஜெபித்தார்கள். நான் களைத்துப் போனேன். மெத்தையில் விழுந்தது மட்டும்தான் தெரியும்.

அக்டோபர் 25, சனி

தோட்டத்துக்குப் போக வேண்டிய நாள். காலையில் மழை இல்லை என்றாலும் நேற்றைய மழையில் செம்மண் பாதை குழம்பாகக் கிடந்தது. குலை ஏற்றிய லோரி ஒன்று எதிரே வந்து, சட்டை முழுக்கச் சேற்றை அடித்துவிட்டுப் போனது. அடுத்த வளைவில் மோட்டாரின் பின்சக்கரம் புதைந்து நின்றது. இருவரும் இறங்கித் தள்ளினோம். என் செருப்பில் ஒன்றின் வார் அறுந்துபோனது.

தோட்டத்து வாசலில் ஜாகா, அதாவது காவலாள். நேப்பாளிப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். மேனேஜர் கடிதம் இல்லாமல் வெளியாளை விடக்கூடாது என்று புது உத்தரவாம். போன மாதம் வரை விட்டார்களே என்றார் பாஸ்டர். பையன் மலாயில் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். உள்ளே போய் இரண்டு ஸ்டூல் எடுத்துவந்து நிழலில் போட்டான். என் செருப்பைப் பார்த்துவிட்டு, ஒரு கம்பித் துண்டைக் கொண்டுவந்து வாரைக் கட்டிக் கொடுத்தான். உள்ளே விடாததற்கு ஈடாக என்னவெல்லாம் செய்ய முடியுமோ அத்தனையும் செய்தான்.

பாஸ்டர் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் பேரனுடைய மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து பாட்டி வந்துவிட்டார். எண்பது வயதுக்கு மேல். இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, பத்து வயதில் அம்மாவோடு நிரையில் (பால்மர வரிசையில்) வேலைக்கு இறங்கியவர். இன்னும் கையில் இருப்பது, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தருகிற சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமைக்கு எழுதிப்போட்டு, அலைந்து, மறுபடியும் எழுதிப்போட்டிருக்கிறார்கள். நோட்டில் "அடையாள அட்டை" என்று இருந்த வரி இவருடையது.

லயத்தில் இப்போது முக்கால்வாசி பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்கள். தமிழ்க் குடும்பம் நாலைந்துதான். அதில் கிறிஸ்தவர் பாட்டி ஒருத்திதான். வாசலுக்கு வெளியே ஒரு மாமரம், அதன் அடியில் சின்னக் கால்வாய். அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தோம். பாட்டி ஒரு கீர்த்தனையை இழுத்து இழுத்துப் பாடினார், வார்த்தை ஒன்றும் தவறவில்லை. பாஸ்டர் ரொட்டியைப் பிட்டு அவருக்கு நற்கருணை கொடுத்தார். ஜாகா பையன் ஒரு லோரியை அந்தப் பக்கமாகப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பிலிப்பி பட்டணத்தில் பவுல் போய் உட்கார்ந்த இடம் எனக்கு ஞாபகம் வந்தது. தரிசனத்தில் அழைத்தது ஒரு மக்கெதோனிய ஆண். போய்ப் பார்த்தால் ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் ஜெபிக்கிற சில பெண்கள்தான். தியத்தீராவிலிருந்து வந்து இரத்தாம்பரம் விற்கிற லீதியாள்தான் முதலில் இருதயம் திறந்தவள். ஐரோப்பாவில் நாம் வாசிக்கிற முதல் சபை அவள் வீட்டில்தான் கூடியது. ஆற்றங்கரையில் அந்தப் பெண்கள் எத்தனை காலமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் எழுதவில்லை. பவுல் வருவதற்கு முன்பே அவர்கள் அங்கே கூடிக்கொண்டிருந்தார்கள், அது நிச்சயம்.

கிளம்பும்போது பாட்டி ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் மடியில் வைத்தார். என் பெயரைக் கேட்டார், பிள்ளைகள் பெயரையும் கேட்டார். திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஞாயிறு விடியற்காலை நாலு மணிக் கட்டம் பாட்டியுடையது.

மதியம் மாடியில் டியூஷன். ஐந்தாம் படிவ முடிவில் எழுதுகிற எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் மலாய், சரித்திரம் இரண்டிலும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. மற்ற பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளையும் அங்கே சறுக்கிவிட்டால் எல்லாம் போச்சு. பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள், பெரும்பாலும் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். பாடம் தவிர வேறு பேச்சு இல்லை. ஒரு பையன் மட்டும் போகும்போது, "பாஸ்டர், எனக்கும் அந்த அட்டைல ஒரு பேரு போடலாமா?" என்றான். வீட்டில் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினார்.

இரவு பேசிக்கொண்டிருந்தபோது, சில வருஷங்களுக்கு முன் வெளியூர்க் குழு ஒன்று இங்கே நடத்திய பெருங்கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். மேடை, விளக்கு, பிரியாணி. கை தூக்கியவர்களின் முகவரிகளை ஒரு பெட்டியில் போட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவரிடம் விட்டுப் போனார்கள். வீடு வீடாகப் போனார். பலர் வேறு சபைக்காரர்கள், சிலர் வீடு மாறிவிட்டார்கள், சிலருக்குக் கை தூக்கியதே நினைவில்லை. ஒரே ஒருவர் மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார், அவர் இன்றும் நோட்டில் இருக்கிறார். பெருங்கூட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் யார் அந்த வாசலில் போய் நிற்பது என்று தெரியாமல் மேடை போடுவதைப் பாவம் என்றே நினைக்கிறேன். கை தூக்கிய ஒவ்வொருவரும் ஒரு ஆத்துமா. அந்த ஆத்துமாவை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுப் போக யாருக்கும் உரிமை இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

ஆராதனை பத்து மணிக்கு. பதினெட்டுப் பேர், குழந்தைகளையும் சேர்த்து. கீபோர்டு வாசிக்கிறவர் வேலைக்குப் போய்விட்டதால் கைத்தட்டல்தான்.

ஒரு குடும்பத்தை எல்லாரும் எதிர்பார்த்திருந்தார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கிறிஸ்மஸுக்கு முன் ஞானஸ்நானம் எடுப்பதாக அவர்களாகவே கேட்டிருந்தார்கள். பாஸ்டரம்மா நாலு நாற்காலியை ஒதுக்கி வைத்திருந்தார். பத்தரைக்கு ஒரு வாட்சாப் செய்தி வந்தது: ஜொகூரில் வேலை கிடைத்துவிட்டது, நேற்றிரவே கிளம்பிவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள். பாஸ்டரம்மா செய்தியை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வருஷ உழைப்பு. அப்புறம் ஜொகூரில் தெரிந்த ஒரு சபையின் போதகருக்குப் போன் நம்பர் அனுப்பினார், அந்தக் குடும்பத்துக்குப் பதில் எழுதினார். எந்த நாள், எந்த மணி உங்களுக்கு வசதி என்று கேட்டு.

பிரசங்கம் எப்பாப்பிராவைப் பற்றி. கொலோசெ சபை பவுல் நேரில் பார்த்திராத சபை. அங்கே சுவிசேஷத்தைக் கொண்டுபோனவன் எப்பாப்பிரா. நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் அவன் பவுலோடு தூரத்தில் இருக்கிறான். தன் ஊராருக்காக ஜெபத்தில் போராடிக்கொண்டிருக்கிறான். கொலோசெயருக்கு மட்டுமல்ல, பக்கத்து ஊர்களான லவோதிக்கேயா, எராப்போலி ஆகியவற்றுக்கும். "அவன் சபையை விட்டுப் போயிட்டான்னு பவுல் எழுதலை" என்றார் பாஸ்டர். சுவரிலிருந்த அட்டையை அவர் காட்டவில்லை, ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மதியம் எல்லாரும் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். கம்போங் கோழிப் பிரட்டல்தான் இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதில் முதலிடம்.

சாயங்காலம் சபைப் பெரியவர் ஒருவர் தன் காடியில் கோலகங்சார் கூட்டிப்போனார். ஆற்றோரத்தில் செண்டோல் மூன்று வெள்ளி. பிறகு மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பழைய ரப்பர் மரம். 1877ல் லண்டன் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் சில, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் காலத்தில் இங்கே நடப்பட்டன. கிட்டத்தட்ட இருபது வருஷம் தோட்டக்காரர்கள் அதைப் பெரிதாகச் சீண்டவில்லை. காப்பிக்குத்தான் மதிப்பு. 1890களில்தான் மலாக்காவில் ‘தான் சாய் யான்’ என்ற சீனர் ரப்பரைத் தோட்டமாக நட்டார். கூட வந்த பெரியவர் நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கன்னு வச்சு ஆறேழு வருஷம் கத்தியே வைக்க முடியாது, தம்பி. ஆனா அந்த ஆறேழு வருஷமும் களை எடுக்கணும், சம்பளம் கொடுக்கணும்" என்றார். அவர் மரத்தைப் பற்றித்தான் சொன்னார். நான் எங்கள் கமிட்டியில் இதை அப்படியே சொல்லப்போகிறேன்.

அக்டோபர் 27, திங்கள்

காலை நடைக்கு இன்றைக்கும் போனேன். ஸ்கேன் எடுக்கப் போன பெண் பஸ் நிற்கும் இடத்தில் இருந்தாள். கட்டி இல்லையாம். பாஸ்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டார். பஸ் போனபிறகுதான் நோட்டைத் திறந்து அந்த வரிக்குப் பக்கத்தில் சிலுவையைப் போட்டார்.

நாசி லெமாக் பொட்டலம் இரண்டு வாங்கிக்கொண்டேன், ஒன்று இரண்டரை வெள்ளி. திரும்பும் பயணத்தில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளி இரவு பதினொரு மணிக் கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் நூறு கட்டம்போல் காலியாக இருக்கிறது. சேர விரும்புகிறவர்கள் எனக்கு எழுதுங்கள், ஜெபிக்க வேண்டிய பெயர்களைப் பாஸ்டரம்மா வாராவாரம் அனுப்புவார். நேரில் போகிறவர்கள் கைப்பிரதியும் அரிசி மூட்டையும் கொண்டுபோக வேண்டாம். பாட்டியின் குடியுரிமை மனுவைப் பார்த்துக்கொடுக்க ஒரு வழக்கறிஞர் வேண்டும். மேனேஜரிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுத, நல்ல மலாய் தெரிந்த ஒருவர் வேண்டும். அதைவிட அவசரம் டியூஷன்: எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வு நெருங்கிவிட்டது, சனிக்கிழமைகளில் சரித்திரம் சொல்லித்தர ஆள் இல்லை.